பத்தாம் வகுப்பு டியூஷன், ஞாயிறு ஆராதனை: உங்கள் வீட்டில் என்ன முடிவு எடுத்தீர்கள்?

#1 பாளை_அம்மா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம். இந்த முறை கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

மகன் ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போகிறான். கணக்குக்கும் சயின்ஸுக்கும் ஒரு டியூஷன் சென்டரில் சேர்த்திருக்கிறோம். போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் டைம்டேபிள் வந்தது. ஞாயிறு காலை 7 மணி முதல் 11.30 வரை வாரத் தேர்வு. "வராத மாணவர்களின் பெற்றோர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்" என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வேறு. எங்கள் கோயிலில் ஞாயிறு பள்ளி ஏழரைக்கு, ஆராதனை எட்டரைக்கு. இரண்டும் போச்சு.

"ஒரு வருஷம்தானே, கர்த்தருக்குத் தெரியாதா" என்கிறார் கணவர். "பத்தாவதுக்கு விட்டால் பன்னிரண்டாவதுக்கு விட மாட்டீர்களா? அப்புறம் நீட், அப்புறம் காலேஜ். எந்த வருஷம் திரும்பி வருவான்?" என்கிறார் மாமியார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. மகனைக் கேட்டால் "எதுன்னாலும் ஓகேம்மா" என்கிறான். எனக்கு அதுதான் பெரிய கவலை.

இன்னொன்றும் இருக்கிறது, ராத்திரி குடும்ப ஜெபம். மாமியார்தான் நடத்துகிறார். ஒரு பாமாலை, ஒரு கீர்த்தனை, சங்கீதம், ஒரு அதிகாரம், ஊரில் உள்ள எல்லாருக்கும் ஜெபம், பரமண்டல ஜெபம். முக்கால் மணி நேரம் ஆகும். 119-ஆம் சங்கீதத்தின் முறை வந்தால் 176 வசனமும் வாசித்தே தீர வேண்டும். மகள் ஐந்தாம் வகுப்பு, முழங்காலில் இருந்தபடியே தூங்கிவிடுகிறாள். மனப்பாட வசனம் கேட்டால் மகன் வருஷம் முழுக்க "இயேசு கண்ணீர் விட்டார்" என்ற ஒன்றையே சொல்கிறான். சங்கீதம் அவனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 117, இரண்டே வசனம்.

அத்தையை எதிர்த்துப் பேசவும் மனம் வரவில்லை. இந்த வீட்டில் ஜெபம் நிற்காமல் இருப்பதே அவரால்தான். நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?


#2 சாயர்புரத்தான்

மகளே, ஸ்தோத்திரம். நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். அதனால் டியூஷனுக்கு விரோதி என்று நினைக்க வேண்டாம். ஞாயிறு காலை டியூஷனுக்குத்தான் விரோதி.

நம் பக்கத்தில் படிப்பும் வேதமும் சண்டை போட்டதே கிடையாது. மிஷனரி ரேனியஸ் ஐயர் (பாதிரியாரை இங்கே ஐயர் என்போம்) 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த நாளிலிருந்து, கோயில் எழும்பிய ஊரில் பள்ளிக்கூடமும் எழும்பியது. எங்கள் சாயர்புரத்துக்கு 1842-ல் போப் ஐயர் வந்து செமினரி நடத்தினார். திருக்குறளை இங்கிலீஷில் போட்ட அதே போப் ஐயர்தான். கண்டிப்புக்குப் பேர் போனவர். இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார்கள். படிக்கவே விடாத ஜனங்களின் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த சபை இது. அந்தப் படிப்பால் வேலைக்கும் வசதிக்கும் வந்த நாம், அதே படிப்பைக் காரணம் காட்டிக் கோயிலுக்கு லீவு கேட்கிறோம். எனக்கு இது பிடிக்கவில்லை.

நான் ஹாஸ்டலில் படித்த காலத்தில் ஞாயிறு ஆராதனை முடியும்வரை பாடப்புத்தகத்தைத் திறக்கக்கூடாது. எங்களில் யாரும் அதனால் ஃபெயில் ஆகவில்லை. சென்டரில் போய், "என் பிள்ளை ஞாயிறு மதியம்தான் எழுதுவான்" என்று சொல்லிவிட்டு வா. பீஸ் கொடுப்பது நீதானே.


#3 வேளச்சேரி_டெஸ்டர்

சார், உங்கள் கண்டிப்பின் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். ஞாயிறு பள்ளியே ஆரம்பத்தில் டியூஷன்தானே? 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் அதைத் தொடங்கியபோது, ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் சொல்லித் தருவதுதான் முதல் வேலையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை படிக்கலாமா என்று அப்போதும் சிலர் முகம் சுளித்திருப்பார்கள்.

பாளை அக்கா, எங்கள் வீட்டு விஷயம் சொல்கிறேன். நானும் கணவரும் ஐடி. இரண்டு பிள்ளைகள். ஞாயிறு காலை ஆராதனைக்குக் கிளம்பும் அரை மணி நேரத்தில்தான் எங்கள் வீட்டில் வாரத்திலேயே அதிகமான கத்தல். சாக்ஸ் எங்கே, பைபிள் எங்கே, இன்னும் பல் தேய்க்கவில்லையா என்று கத்திவிட்டு, காரில் ஏறி, கோயில் வாசலில் இறங்கும்போது மூஞ்சியைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்வோம். பெரியவள் ஒரு நாள், "நாம எதுக்கு சண்டை போட்டுட்டு சர்ச்சுக்குப் போறோம்?" என்று கேட்டாள்.

அதன் பிறகுதான் ஒரு தாளில் எங்கள் வாரத்தை எழுதிப் பார்த்தோம். அபாகஸ், கீபோர்டு, நீச்சல், ஹிந்தி, கோடிங். நால்வரும் சேர்ந்து உட்காரும் நேரம் என்று அதில் எதுவுமே இல்லை. ஜெபம் அட்டவணையிலேயே கிடையாது, மிச்சம் இருந்தால் உண்டு. கணவர் அபாகஸையும் கோடிங்கையும் பேனாவால் அடித்தார். சின்னவன் அன்றைக்குத்தான் ரொம்ப சந்தோஷமாக இருந்தான்.

இப்போது ஞாயிறுக்கான வேலை சனி மாலையே ஆரம்பம். உடுப்பு எடுத்து வைப்பது, காணிக்கை எடுத்து வைப்பது, ஒன்பது மணிக்கு எங்கள் போன்களும் சேர்த்து அணைப்பது. காணிக்கையை அவர்கள் பாக்கெட் மணியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். வாசலில் வைத்து நாம் கொடுக்கிற பத்து ரூபாயைப் பையில் போடுவது அவர்கள் கொடுக்கிறதாக ஆகாது.

டியூஷன் விஷயத்தில் எனக்கு சாரைப் போல உறுதி இல்லை. பத்தாவது மார்க் பிள்ளைக்கு எந்த குரூப் என்பதைத் தீர்மானிக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை.


#4 சாயர்புரத்தான்

ரெய்க்ஸ் கதை எனக்கும் தெரியும் டெஸ்டர். அந்தப் பிள்ளைகள் ஆறு நாளும் வேலைக்குப் போய் ஏழாம் நாள் படித்தார்கள். நம் பிள்ளைகள் ஆறு நாளும் படித்துவிட்டு ஏழாம் நாளும் படிக்கிறார்கள். ரெய்க்ஸ் இன்றைக்கு வந்தால் இவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லுவார்.

அபாகஸை அடித்தது நல்ல வேலை.


#5 கோட்டாற்றுக்காரி

நான் கத்தோலிக்க சபை. பங்கில் மறைக்கல்வி ஆசிரியை. எங்களிடம் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போனாலும் ஞாயிறு கடமை நிறைவேறும். அதனால் டியூஷன் பிள்ளைகள் நிறைய பேர் சனி மாலை வந்துவிடுகிறார்கள். உங்கள் சபைகளிலும் அதிகாலை ஆராதனையோ மாலை ஆராதனையோ இருக்கும், விசாரித்துப் பாருங்கள் அக்கா. பாளையங்கோட்டையில் இல்லாமலா இருக்கும்.

ஆனால் நேரம் மாறினாலும் எங்கள் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பெஞ்சு காலிதான். புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் வயதில் நெருக்கியடித்து உட்காருவார்கள், உறுதிப்பூசுதல் முடிந்ததும் பாதிப் பேர் காணாமல் போவார்கள். சான்றிதழ் வாங்கிப் படிப்பை முடித்ததாகப் பெற்றோரே நினைக்கிறார்கள்.

குடும்ப ஜெபத்துக்கு வருகிறேன். புனித சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்கு, வந்தபோது தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்தார். மணியடித்துக்கொண்டு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டுவார். அங்கே படித்ததை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அந்தப் பிள்ளைகளையே ஏவினார். பிள்ளைதான் வாத்தியார். நம் வீட்டு ஜெபத்தில் பிள்ளைக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறோம்? முழங்காலில் நின்று கேட்பது மட்டும்தான். பிறகு தூங்காமல் என்ன செய்யும்?

மகளிடம் ஜெபத்தை நடத்தச் சொல்லிப் பாருங்கள். பாட்டு அவள் எடுக்கட்டும், யாருக்காக ஜெபிப்பது என்று அவள் சொல்லட்டும். எங்கள் வீட்டில் சின்னவன் முறை வந்தால் தெருநாய்க்கு எல்லாம் ஜெபமாலையில் ஒரு பத்து ஒப்புக்கொடுப்பான். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லி முடிப்போம்.


#6 மேல்அறை_ஊழியன்

சிஸ்டர், பிரைஸ் த லார்ட். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடல் 100 மீட்டர் ஓட்டத்தையே விட்டார். தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதுதான் காரணம். பிறகு 400 மீட்டரில் 47.6 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். ஒலிம்பிக்கையே விட்டவர் இருக்கும்போது டியூஷன் டெஸ்டுக்கு இவ்வளவு விவாதமா?

இன்னொன்று. குழந்தையில் தெளித்துவிட்டு, பதினைந்து வயதில் கைவைத்து உறுதிப்படுத்திவிட்டால் விசுவாசி ஆகிவிடுவானா? பிள்ளை மறுபடி பிறக்க வேண்டும். அது நடக்காதவரை ஞாயிறு காலை எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.


#7 நெறியாளர்

குழந்தை ஞானஸ்நானம் பற்றிய வாதத்துக்குத் தனி இழை உண்டு, பல பக்கங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போகவும். இதற்குப் பதிலாக வந்த நான்கு பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன். இங்கே பிள்ளை வளர்ப்பு மட்டும்.


#8 ஐயர்வீட்டுப்பிள்ளை

நான் இங்கே பெற்றோர் கட்சி இல்லை, பிள்ளை கட்சி. அப்பா சபை குரு. குருமனைகளில் வளர்ந்தவன், இப்போது பெங்களூரில் வேலை.

ஊழியன் அண்ணன் சொன்ன லிடல் கதையை நான் ஒவ்வொரு விபிஎஸ்ஸிலும் (விடுமுறை வேதாகமப் பள்ளி) கேட்டிருக்கிறேன். நல்ல கதைதான். ஆனால் லிடல் அந்த முடிவை எடுத்தபோது அவர் வளர்ந்த ஆள். அவருடைய அம்மா எடுத்த முடிவு இல்லை அது. பத்தாம் வகுப்புப் பையனுக்காக நாம் ஒலிம்பிக்கை விட்டால் அதில் அவனுக்குப் பங்கில்லை.

நீதிமொழிகள் 22:6 எல்லார் வீட்டிலும் மாட்டியிருக்கும். பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான். இதைச் சிலர் கேரண்டி கார்டு போல வைத்திருக்கிறார்கள். அப்புறம் மகன் விலகிப்போனால், "நீ சரியாக வளர்க்கவில்லை" என்று தாயின் தலையில் போடுகிறார்கள். ஆசாரியன் ஏலியின் பிள்ளைகள் கெட்டுப்போனதைப் பற்றி எவ்வளவோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். தீர்க்கதரிசி சாமுவேலின் பிள்ளைகளும் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள் என்று 1 சாமுவேல் 8-ல் இருக்கிறதே, அதை வைத்து ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லை. ஏலியின் வீட்டில் வளர்ந்து, அங்கே நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் சாமுவேல். அவர் வீட்டிலேயே அப்படி. வேதம் இதை மறைக்கவில்லை, நாம்தான் மறைக்கிறோம்.

எங்கள் வீட்டிலும் தினமும் ஜெபம் உண்டு. பாதியில் யாராவது கதவைத் தட்டுவார்கள், அப்பா எழுந்து போய்விடுவார், அம்மா முடித்து வைப்பார். அதில் எனக்கு நினைவில் நிற்பது குறைவு. நிற்கிறது எது என்று சொல்கிறேன்.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல படித்த குடும்பம், சபையில் பொறுப்பில் இருந்தவர்கள். அவர்கள் பக்கத்துப் பெரியவர் நீண்ட ஜெபம் செய்து ஆரம்பித்தார். ஆமென் சொல்லி டீ குடித்து முடித்ததும், "பிள்ளைக்கு எத்தனை பவுன் உத்தேசம்?" என்றார். அப்பா, "பிள்ளையைத் தருகிறோம், பட்டியல் தருவதாக இல்லை" என்றார். அவர்கள் எழுந்து போனார்கள். அம்மா அடுக்களையில் அழுதார். சொந்தக்காரர்கள் பல மாதம் அப்பாவைத் திட்டினார்கள். அப்பா அதை எந்தப் பிரசங்கத்திலும் சொல்லவில்லை. நான் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்றால் அதில் அந்த மாலைக்குப் பெரிய பங்கு உண்டு. இத்தனைக்கும் அதே வீட்டில் வளர்ந்த அண்ணன் போவதில்லை. ஆகவே இதையும் சூத்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகள் நாம் கவனிக்காதபோதுதான் கவனிக்கிறார்கள். மணமகள் தேவை விளம்பரத்தில் சபைப் பெயருக்குப் பக்கத்தில் சாதிப் பெயரையும் போடுகிறோம். டயோசீசன் (திருமண்டல) தேர்தல் வந்தால் சாப்பாட்டு மேசையில் யாரை எப்படிப் பேசுகிறோம்? ஞாயிறு பள்ளிக்கு ஒழுங்காக வந்தவன்தான் இதையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருப்பான்.

பாளை அம்மா, உங்கள் மகன் "எதுன்னாலும் ஓகே" என்கிறான் அல்லவா? அவனிடம் முன்பு எதையாவது இப்படிக் கேட்டிருக்கிறீர்களா? என்னையும் எதுவும் கேட்டதில்லை. முதல் முறை கேட்டபோது நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். கோயிலா டியூஷனா என்று கேட்காமல், ஞாயிறு காலை போய்விட்டால் உனக்கு எது இல்லாமல் போகும் என்று கேட்டுப் பாருங்கள்.


#9 ஸ்கார்பரோ_அப்பா

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப கனடா. இஞ்ச டியூஷன் இல்லை, ஐஸ் ஹாக்கி. ரிங்கில் நேரம் கிடைக்கிறதே கஷ்டம், ஞாயிறு விடியக் காலமைதான் தருவார்கள். பேர்தான் வேறு, பிரச்சினை ஒன்றுதான்.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ் ஆராதனையில் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. அம்மம்மா உடுவில் மகளிர் பாடசாலையில் படித்தவா. 1824-ல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கின பள்ளிக்கூடம் அது. அவவுக்குத் தமிழும் வேதமும் பிரிக்க முடியாத ஒன்று. எங்கட மூத்தவனுக்கோ தமிழ்க் கோயில் என்றால் இரண்டு மணித்தியாலம் விளங்காத பாஷையில் இருக்கிற தண்டனை. தமிழைக் காப்பாற்றப் போய் விசுவாசத்தை விட்டுவிடுவோமோ என்று நானும் மனிசியும் இரவிரவாகக் கதைத்திருக்கிறோம்.

கடைசியில் வீட்டு ஜெபத்தில் வாசிப்பை ஆங்கிலத்துக்கு மாற்றினோம், பாட்டு தமிழில். அம்மம்மாவுக்கு முதலில் விருப்பமில்லை. ஆனால் மூத்தவன் வாசித்துவிட்டு, "யோபுவின் சிநேகிதர்கள் சரியாத்தானே சொல்கிறார்கள், ஏன் கடவுள் அவர்களில் கோபப்பட்டார்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. விளங்கி வாசித்தால்தானே கேள்வி வரும்.

ஹாக்கியை விடவில்லை. அந்தப் பருவத்தில் மாலை ஆராதனை உள்ள ஆங்கிலச் சபைக்குப் போகிறோம். சொந்தக்காரர் சிலர் இன்னும் எங்களை ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள்.


#10 திருச்சி_இருவழி

கொஞ்சம் வேறு நிலைமை என்னுடையது. கணவர் இந்து. காதல் திருமணம். நான் பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு அவர் ஒருபோதும் தடை சொன்னதில்லை, பல ஞாயிறு அவரே பைக்கில் கொண்டு வந்து விடுவார். ராத்திரி நானும் மகளும் ஜெபம் செய்யும்போது டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஹாலில் இருப்பார். போன மாதம் ஞாயிறு பள்ளியிலிருந்து வந்தவள் நேராகக் கேட்டாள்: "அப்பா பரலோகத்துக்கு வர மாட்டாங்களாம்மா?" அவர் காதில் விழும் தூரத்தில். இங்கே நீங்கள் எல்லாம் எந்த நேரத்து ஆராதனை என்று பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் கேள்விக்கே இன்னும் பதில் இல்லை.


#11 சாயர்புரத்தான்

மகளே, பவுலின் சீடன் தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16-ல் வாசிக்கிறோம். அவர் விசுவாசித்ததாக எங்கும் சொல்லவில்லை. பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம்தான் பிள்ளைக்கு வந்தது என்று பவுல் எழுதுகிறார். உன் வீடு வேதத்தில் இல்லாத வீடு அல்ல.

பிள்ளையின் கேள்விக்கு, "அப்பாவைக் கர்த்தர் நம்மைவிட அதிகமாக நேசிக்கிறார், தீர்ப்பு நம் கையில் இல்லை" என்று சொல். நான் அவ்வளவுதான் சொல்லுவேன். அப்புறம் அந்த ஞாயிறு பள்ளி டீச்சரிடம் தனியாக ஒரு வார்த்தை பேசு. வகுப்பில் யார் யார் வீட்டுப் பிள்ளை இருக்கிறது என்று பார்த்துப் பேச வேண்டும். ஜெப நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைக்கிற தகப்பனைப் பற்றி நான் கெட்டதாக நினைக்க மாட்டேன்.


#12 வேளச்சேரி_டெஸ்டர்

இருவழி அக்கா, அணைப்புகள். சார் இப்படி எழுதுவார் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா பற்றி எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் பேசினார்கள். 19 பிள்ளைகள் பெற்றவர், பத்துப் பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள். 1712-ல் கணவர் லண்டனில் இருந்தபோது எழுதிய கடிதத்தில் தன் வழக்கத்தைச் சொல்கிறார். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச நேரம் ஒதுக்கினார். ஜானுக்கு வியாழன், தம்பி சார்லஸுக்கு சனி. வளர்ந்து பெரிய ஆளான பிறகும் ஜான் அந்த வியாழக்கிழமை நேரத்தை ஏக்கத்தோடு நினைத்துத் தாய்க்கு எழுதினார்.

குடும்ப ஜெபம் என்றால் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்வது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது செவ்வாய் பெரியவளுக்கு, வெள்ளி சின்னவனுக்கு. மொட்டை மாடியில் இருபது நிமிடம். பாதி நாள் சாமி பேச்சே வராது, கிளாஸில் யார் யாரோடு சண்டை என்றுதான் ஓடும்.


#13 கோட்டாற்றுக்காரி

வியாழக்கிழமை நேரம் அருமைதான் டெஸ்டர். அதே சூசன்னா பிள்ளையின் சொந்த இஷ்டத்தைச் சின்ன வயதிலேயே அடக்கிவிட வேண்டும் என்றும், ஒரு வயதுப் பிள்ளை பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழக் கற்க வேண்டும் என்றும் எழுதியவர். எங்கள் ஊரில் அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். வசனம் மறந்ததற்கு அடி வாங்கிய பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதேயுங்கள் என்று எபேசியரில் தகப்பன்மாருக்குச் சொல்லியிருப்பதையும் யாராவது சட்டம் போட்டு மாட்டினால் நன்றாக இருக்கும்.


#14 மேல்அறை_ஊழியன்

நெறியாளர் சொன்னதை ஏற்கிறேன். ஐயர்வீட்டுத் தம்பி, லிடல் பற்றிச் சொன்னதும் சரிதான், யோசித்தேன். ஆனால் நடைமுறையில் ஒன்று. நீட் தேர்வே ஞாயிறுதான் வைக்கிறார்கள். 2023-ல் மே 7, 2024-ல் மே 5, 2025-ல் மே 4, மூன்றும் ஞாயிறு. 2024-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு நடுவில் பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் வந்தன. இந்த உரசல் வந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுப்பதைவிட, எதற்கு விடுவோம், எதற்கு விட மாட்டோம் என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் பொதுத்தேர்வும் நுழைவுத்தேர்வும் என்றால் போகலாம், பயிற்சி டெஸ்ட் என்றால் கிடையாது.


#15 பாளை_அம்மா

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதம், வீட்டில் பேசிக்கொண்டே இருந்தோம்.

ஐயர்வீட்டுத் தம்பி சொன்ன மாதிரி கேட்டேன். உடனே பதில் வரவில்லை. மறுநாள் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "கொயர் போயிடும்மா" என்றான். அவன் கொயரில் பின்வரிசையில் நிற்கிற பையன். அவனுக்கு அதில் இவ்வளவு பிரியம் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பிரசங்கம் போர் என்றும் சொன்னான். அதை அத்தையிடம் சொல்லவில்லை.

கணவரும் நானும் சென்டருக்குப் போனோம். எங்களைப் போலவே இன்னும் மூன்று வீட்டார் கேட்டிருக்கிறார்களாம், அதில் ஒருவர் கிறிஸ்தவர்கூட இல்லை, பிள்ளைக்கு ஒரு நாளாவது தூக்கம் வேண்டும் என்று கேட்டாராம். மாதத்தில் இரண்டு ஞாயிறு மதியம் 2 மணிக்கு எழுதலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். மற்ற இரண்டில் ஒன்று முதல் ஞாயிறு, எங்கள் கோயிலில் அன்று அதிகாலை ஐந்தரைக்குத் திருவிருந்து ஆராதனை உண்டு. அவன் இன்னும் திடப்படுத்தல் எடுக்கவில்லை, அதனால் அப்பமும் ரசமும் வாங்க முடியாது, இருந்தாலும் எங்களோடு வருவான். மிச்சம் ஒரு ஞாயிறு டெஸ்டுக்குப் போகட்டும் என்று விட்டிருக்கிறோம். டிசம்பருக்கு மேல் ரிவிஷன் தேர்வு வரும், அப்போது என்ன சொல்வார்களோ தெரியாது.

அத்தையிடம் ஜெபத்தைக் குறைக்கச் சொல்லக் கணவருக்கும் தைரியம் இல்லை. மகள்தான் போய், "ஆச்சி, செவ்வாயும் வியாழனும் நான் நடத்தட்டா?" என்று கேட்டாள். அத்தைக்கு அது பெருமையாகிவிட்டது, பக்கத்து வீடு வரைக்கும் சொல்லியாயிற்று. அந்த இரண்டு நாளும் கால் மணி நேரத்தில் முடிகிறது. மற்ற நாள் எப்போதும் போல முக்கால் மணி.

கொயர் பிராக்டிஸ் சனி மாலை. அன்று மாலை டியூஷனில் கணக்கு வகுப்பு. அடுத்து இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.


#16 சாயர்புரத்தான்

பாதிக்குப் பாதி உடன்படிக்கை. எனக்குத் திருப்தி இல்லை, ஆனாலும் கொயருக்காக விடுகிறேன். சங்கீதம் 119 எட்டெட்டு வசனமாக 22 பகுதி. ஒரு நாளுக்கு ஒரு பகுதி வாசித்தால் போதும் என்று உன் அத்தையிடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னதாகச் சொல்.

சனிக்கிழமை கணக்கு வகுப்பை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பாட அனுப்பு. விடுபடுகிற பாடத்தை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீடியோ காலில் நான் சொல்லித் தருகிறேன், பீஸ் கிடையாது. என் எண் நெறியாளரிடம் இருக்கிறது. இப்போதைக்கு எதில் தடுமாறுகிறான், அல்ஜீப்ராவா ஜியோமெட்ரியா?


#17 பாளை_அம்மா

சார், என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஜியோமெட்ரிதான். இப்பவே பத்தாவது பாடம் ஆரம்பித்துவிட்டார்கள், தேல்ஸ் தேற்றத்தில் நிற்கிறான். வெள்ளி ஆறு மணி சரி. தங்கச்சியும் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்கிறாள்.


#18 சாயர்புரத்தான்

உட்காரட்டும். காம்பஸ் பாக்ஸ், கோடில்லாத நோட்டு, பென்சில் சீவி வைத்திருக்க வேண்டும்.